மெல்பர்ன் டோட் விடுதி: ஒரு நகரத்தின் இரவு இசையைக் காத்த விதித் திருத்தங்கள்

2010 ஜனவரி நடுப்பகுதியில், ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் காலிங்வுட் பகுதியிலுள்ள டோட் என்னும் மதுவிடுதியை மூடப்போவதாக அதன் உரிமத்தை வைத்திருந்த புரூஸ் மில்ன் அறிவித்தார். வாடகைத் தகராறோ, வாடிக்கையாளர் குறைந்ததோ, காவல்துறை வழக்கோ அதற்குக் காரணம் அல்ல. உரிமத்தில் சேர்க்கப்பட்ட புதிய நிபந்தனைகளின் செலவைத் தாங்க முடியவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். அடுத்த சில நாட்களில் ஏறத்தாழ 2,000 பேர் ஜான்ஸ்டன் தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அடுத்த மாதமே பல்லாயிரம் பேர் மாநில நாடாளுமன்றத்தின் படிகள்வரை ஊர்வலமாகச் சென்றார்கள். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் டோட் மீண்டும் திறக்கப்பட்டது.

இந்த நிகழ்வு பெரும்பாலும் ஒரு பேரணியின் வெற்றியாகவே நினைவுகூரப்படுகிறது. பேரணி இல்லாமல் எதுவும் நடந்திருக்காது என்பது உண்மைதான். ஆனால் 2010-க்கும் 2023-க்கும் இடையே அந்த நகரில் நடந்தவற்றைத் தொடர்ந்து பார்த்தால் வேறொன்றும் தெளிவாகிறது: இசை அரங்குகளை மூடவைத்தவை விதிப் புத்தகங்களில் இருந்த குறிப்பிட்ட சில வரிகள், அரங்குகள் பிழைத்ததும் அந்த வரிகள் ஒவ்வொன்றாகத் திருத்தப்பட்டதால்தான். மதுவிடுதி உரிமத்தின் நிபந்தனை, நகரமைப்புத் திட்டத்தின் ஒலி விதி, கட்டடத்தின் உரிமைப் பத்திரம் என்ற மூன்று இடங்களில் இப்போராட்டம் நடந்தது. முதல் இரண்டில் இசைத்துறை பெருமளவு வென்றது. மூன்றாவதில் இன்னும் வெல்லவில்லை.

டோட் இருக்கும் கட்டடம் ஜான்ஸ்டன் தெருவும் வெலிங்டன் தெருவும் சந்திக்கும் முனையில், முன்பு ஐவன்ஹோ ஓட்டல் என்ற பெயரில் தொழிலாளர்களின் மதுவிடுதியாக இருந்தது. 1980-களின் தொடக்கத்திலிருந்து அங்கே இசைக்குழுக்கள் வாசிக்கத் தொடங்கின. 1890-களில் அதே பகுதியில் ஜான் ரென் என்பவர் நடத்திய சட்டவிரோதக் குதிரைப் பந்தயச் சூதாட்டக் கூடத்தை நினைவூட்டும் வகையில், ஆங்கிலத்தில் பந்தயச் சூதாட்டத்தைக் குறிக்கும் டோட் என்ற சொல்லே விடுதியின் பெயரானது. தாழ்ந்த கூரையும் ஒட்டும் தரைவிரிப்பும் கொண்ட எளிய கூடம் அது. முதல் முறை மேடையேறும் குழுவும் வெளிநாட்டிலிருந்து வரும் குழுவும் ஒரே மேடையில் அடுத்தடுத்த இரவுகளில் வாசிக்கக்கூடிய அளவில் அது இருந்தது. ஒரு நகரத்தின் இசை வளர்வதற்குப் பெரிய அரங்கைவிட இத்தகைய நடுத்தரக் கூடமே அதிகம் உதவுகிறது என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் நூறு பேர் முன்னால் பலமுறை வாசித்துத் தேறாத குழு ஆயிரம் பேர் முன்னால் நிற்பதில்லை.

உரிமத்தின் நிபந்தனை

2000-களின் பிற்பகுதியில் மெல்பர்ன் நகர மையத்தின் பின்னிரவுத் தெருக்களில் குடிபோதைத் தாக்குதல்கள் பெரும் கவலையாக இருந்தன. அந்தக் கவலை கற்பனையானது அல்ல. மருத்துவமனைகளும் காவல்துறையும் ஒவ்வொரு வார இறுதியிலும் அதைச் சந்தித்தன. 2008 ஜூன் மாதத்தில் விக்டோரியா மாநில அரசு, நகர மையத்தையும் சுற்றியுள்ள சில உள்ளாட்சிப் பகுதிகளையும் சேர்த்து, அதிகாலை 2 மணிக்குப் பிறகு எந்த மதுவிடுதிக்குள்ளும் புதிதாக எவரையும் நுழையவிடக் கூடாது என்ற தடையை மூன்று மாதச் சோதனையாகக் கொண்டுவந்தது. விடுதிகள் தீர்ப்பாயத்துக்குச் சென்று விலக்குப் பெற்றன. விலக்குப் பெற்றவை பெருகப் பெருகத் தடை பொருளற்றுப்போனது. சோதனைக் காலம் முடிந்ததும் அரசு அதைக் கைவிட்டது.

அதன்பின் அரசின் கவனம் தனித்தனி உரிமங்களின் நிபந்தனைகள் மீது திரும்பியது. பின்னிரவில் திறந்திருக்கும் விடுதியில் பின்னணி இசை தவிர்த்த நேரடி இசையோ ஒலிபெருக்கி இசையோ இருந்தால், முதல் 100 வாடிக்கையாளர்களுக்கு இரண்டு பாதுகாவலர்களும், அடுத்த ஒவ்வொரு 100 பேருக்கும் அல்லது அதன் பகுதிக்கும் ஒரு பாதுகாவலரும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை மேலும் மேலும் பல உரிமங்களில் சேர்ந்தது. இதனுடன் ஆபத்தின் அளவைப் பொறுத்து உரிமக் கட்டணத்தை நிர்ணயிக்கும் முறையும் 2010-இல் நடைமுறைக்கு வந்தது.

இந்த நிபந்தனை எவ்வாறு செயல்பட்டது என்பதைச் சற்று நின்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 1,000 பேர் கொள்ளும் நடனக் கிளப் ஒன்றுக்கு 11 பாதுகாவலர்கள் போதும். அதாவது ஏறத்தாழ 91 பேருக்கு ஒருவர். 120 பேர் கூடும் சிறு கூடத்துக்கு மூன்று பேர் தேவை. அதாவது 40 பேருக்கு ஒருவர். 60 பேர் அமர்ந்து நாட்டுப்புற இசை கேட்கும் விடுதிக்கும் இருவர் வேண்டும். மேடையில் இருப்பவர்களும் இருவர் என்றால், கலைஞர்களின் எண்ணிக்கையும் காவலர்களின் எண்ணிக்கையும் சமம். சிறிய கூடத்தின் நுழைவுக் கட்டணத்தில் கலைஞருக்குச் சேர வேண்டிய தொகைதான் முதலில் வெட்டுப்படும். விடுதி நடத்துபவர் முன்னால் எளிய வழி ஒன்று இருந்தது: இசையை நிறுத்திவிட்டு, சுவரில் பெரிய தொலைக்காட்சியை மாட்டிக் கால்பந்து காட்டுவது. இசை நின்றால் நிபந்தனையும் போய்விடும். எந்த வன்முறையைத் தடுக்க விதி எழுதப்பட்டதோ அதற்கும் மேடையில் ஒருவர் கித்தார் வாசிப்பதற்கும் தொடர்பு உண்டா என்று யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை. உரிமத் துறையின் பார்வையில் நேரடி இசை என்பதே "அதிக ஆபத்து" என்பதன் அடையாளமாகிவிட்டது. பல்லாண்டுகளாக அமைதியாக நடந்துவந்த டோட் அந்த வகைப்பாட்டில்தான் சிக்கியது.

கோரிக்கையைக் கூர்மையாக்கியவர்கள்

டோட் மூடப்பட்டபோது எழுந்த கோபத்தை ஒருமுகப்படுத்தியவர்கள் இரு தரப்பினர். ரிச்மண்ட் பகுதியில் பேக்ஹவுஸ் என்ற ஒத்திகைக் கூடத்தை நடத்திவந்த ஹெலன் மார்கூவும் குவின்சி மெக்லீனும் "ஸ்லாம்" என்ற சுருக்கப் பெயரில், ஆஸ்திரேலிய நேரடி இசையைக் காக்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். விடுதி உரிமையாளரான ஜான் பெரிங் உள்ளிட்டோர் "ஃபேர் கோ ஃபார் லைவ் மியூசிக்" என்ற பெயரில் மனுவும் சட்ட வாதங்களும் தயாரித்தார்கள். ஒரு தரப்பு மக்களைத் திரட்டியது; மறுதரப்பு உரிமச் சட்டத்தை வரிவரியாகப் படித்தது. இந்த வேலைப் பிரிவினைதான் இயக்கத்தின் பெரும் பலம் என்று கருதுகிறேன்.

பேரணிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த நாள் பிப்ரவரி 23. 1976-இல் அதே நாளில்தான் ஏசி/டிசி என்ற ஆஸ்திரேலிய ராக் இசைக்குழு ஒரு திறந்த லாரியின் மீது நின்று ஸ்வான்ஸ்டன் தெருவில் வாசித்தபடி ஊர்ந்துசென்றது. அந்தப் படக்காட்சி நகரத்தின் பொதுநினைவில் பதிந்தது. 2004-இல் நகராட்சியே ஒரு சந்துக்கு அக்குழுவின் பெயரைச் சூட்டியிருந்தது. இசையால் பெருமை தேடிக்கொள்ளும் நகரம் இசை பிறக்கும் இடத்தை மூடுகிறது என்ற முரண்பாட்டை அந்தத் தேதி எவரும் விளக்காமலேயே எடுத்துக்காட்டியது. மாநில நூலகத்திலிருந்து நாடாளுமன்றம்வரை நடந்தவர்களின் எண்ணிக்கை 10,000 முதல் 20,000 வரை மதிப்பிடப்பட்டது. அது மாநிலத் தேர்தல் நடக்கவிருந்த ஆண்டு. மாநில முதல்வர் ஜான் பிரம்பியின் அரசு பேரணிக்கு முந்தைய நாளே இசைத்துறையினருடன் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டுவிட்டது.

இங்கே இயக்கத்தினர் எடுத்த முடிவு முக்கியமானது. உடன்பாடு வந்துவிட்டதே என்று அவர்கள் பேரணியைக் கைவிடவில்லை; பேரணி முடிந்ததும் கலைந்துவிடவும் இல்லை. 20,000-க்கும் மேற்பட்ட கையொப்பங்களுடன் மனு நாடாளுமன்றத்துக்குச் சென்றது. அவர்கள் கேட்டது நிதியுதவி அல்ல, இரக்கமும் அல்ல. "நேரடி இசை" என்பதை "அதிக ஆபத்து" என்பதிலிருந்து பிரித்துவிடுங்கள் என்ற ஒரே கோரிக்கைதான். அக்டோபரில் கையெழுத்தான விரிவான ஒப்பந்தம் நேரடி இசை வன்முறைக்குக் காரணம் அல்ல என்பதை ஏற்று, ஆபத்துக் குறைந்த இடங்கள் பாதுகாவலர் நிபந்தனையிலிருந்து விடுபடுவதற்கு வழி அமைத்தது. நவம்பர் தேர்தலில் ஆட்சி மாறியது. ஆனாலும் 2011-இல், மாநில மதுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நோக்கங்களிலேயே நேரடி இசைத்துறையின் பொறுப்பான வளர்ச்சி என்பது சேர்க்கப்பட்டது. இரு பெரும் கட்சிகளும் ஏற்றுக்கொண்ட சொற்றொடர் சட்டத்தின் முகப்பில் வந்துவிட்டால், பின்னாளில் எந்த அதிகாரியும் அதைக் கணக்கில் கொள்ளாமல் நிபந்தனை விதிக்க முடியாது.

அதே ஆண்டில் மாநிலக் கலைத்துறைக்காக டெலாய்ட் நிறுவனம் தயாரித்த ஆய்வறிக்கை, 2009-10-இல் விக்டோரியாவின் விடுதிகளிலும் கிளப்புகளிலும் நடந்த நேரடி இசைக்கு ஏறத்தாழ 54 லட்சம் வருகைகள் இருந்தன என்றும், மாநிலப் பொருளாதாரத்துக்கு அது 50 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சற்றே கூடுதலாக அளித்தது என்றும், ஏறத்தாழ 600 இடங்களில் இசை நடக்கிறது என்றும் மதிப்பிட்டது. பணக்கணக்கால் மட்டும் இசையை நியாயப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் நிதித்துறை அதிகாரியிடம் பேசுவதற்கு அந்த எண்கள் பயன்பட்டன என்பதை மறுக்க இயலாது.

சிட்னி இதற்கு நேர்மாறான பாதையில் சென்றது. இரண்டு இளைஞர்கள் கிங்ஸ் கிராஸ் பகுதியில் ஒற்றை அடியில் வீழ்த்தப்பட்டு இறந்த துயரத்துக்குப் பின், நியூ சவுத் வேல்ஸ் அரசு 2014 பிப்ரவரியில் நகர மையத்திலும் கிங்ஸ் கிராஸிலும் அதிகாலை 1.30-க்கு நுழைவுத் தடையையும் 3 மணிக்கு மது விற்பனை நிறுத்தத்தையும் கொண்டுவந்தது. தாக்குதல்கள் குறைந்தன என்பதை மாநிலக் குற்றப் புள்ளிவிவரத் துறையின் ஆய்வுகள் காட்டின. ஒரு பகுதி குற்றம் பக்கத்துப் பகுதிகளுக்கு நகர்ந்ததையும் பின்வந்த ஆய்வு காட்டியது. சூதாட்ட விடுதி அந்த எல்லைக்கு வெளியே விடப்பட்டது. மேடை இசை நடத்திய கூடங்கள் உள்ளே அகப்பட்டன. தடை நகர மையத்தில் 2020 ஜனவரியிலும், கிங்ஸ் கிராஸில் 2021 மார்ச்சிலும்தான் நீங்கியது. அதற்குள் மூடப்பட்ட கிளப்புகள் பல திரும்பி வரவே இல்லை. மெல்பர்னும் 2008-இல் அந்த வழியில்தான் அடியெடுத்து வைத்தது. மூன்று மாதத்தில் திரும்பியதால் தப்பியது.

ஒலியும் அண்டை வீடும்

உரிம நிபந்தனை தளர்ந்த பின்னும் கூடங்களை மூடவைக்கும் இரண்டாவது காரணம் அப்படியே இருந்தது. காலிங்வுட், ஃபிட்ஸ்ராய், நகர மையம் ஆகிய இடங்களில் பழைய கிடங்குகளும் தொழிற்கூடங்களும் அடுக்குமாடி வீடுகளாக மாறின. இசைக்கூடங்கள் இருந்ததால் துடிப்புப் பெற்ற பகுதி என்று விளம்பரப்படுத்தியே அவ்வீடுகள் விற்கப்பட்டன. வீடு வாங்கியவர் முதல் சனிக்கிழமை இரவில் உறக்கம் கெட்டு நகராட்சியிடம் முறையிட்டால், ஒலியைக் குறைக்கும் கடமை முழுவதும் கூடத்தின் மீதே விழுந்தது. முப்பது ஆண்டுகளாக அங்கே இருந்தது என்பது பொருட்படுத்தப்படவில்லை.

விதியின் உள்ளமைப்பும் இதைக் கடுமையாக்கியது. விக்டோரியாவின் இசை ஒலிக் கொள்கை, பகலிலும் மாலையிலும் சுற்றுப்புற ஒலியைவிட 5 டெசிபல் அதிகம்வரை அனுமதித்தது. இரவில் ஒவ்வொரு அதிர்வெண் பட்டையையும் தனித்தனியாக அளந்து, பின்னணி ஒலியைவிட 8 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்றது. இரவு ஏற ஏறத் தெருவின் ஓசை அடங்கும். பின்னணி ஒலி குறையக் குறைய அனுமதிக்கப்பட்ட அளவும் இறங்கிக்கொண்டே போகும். குரலும் கித்தாரும் செங்கற்சுவரில் பெரிதும் தடைபடும். ஆனால் பேஸ் கித்தாரின் தாழ்ந்த அதிர்வும் டிரம்மின் அடியும் சுவரையும் தரையையும் கடந்து படுக்கையறைவரை செல்லும். அங்கே தூங்க முயல்பவரின் துன்பம் உண்மையானது. அவரை இசையின் பகைவர் என்று ஏசுவது நியாயமும் இல்லை, பயனும் இல்லை. கேள்வி, தடுப்புச் சுவரின் செலவை யார் ஏற்பது என்பதே. கட்டடம் எழும்பும்போதே இரட்டைக் கண்ணாடியும் கனமான சுவரும் அமைப்பது எளிது. நூறாண்டுப் பழமையான விடுதியின் கூரையைப் பின்னாளில் பிரித்து ஒலித்தடுப்புச் செய்வது பெருஞ்செலவு.

2014-இல் ஏசி/டிசி சந்தில் இருந்த செர்ரி பார் இந்த அநீதியைத் தெளிவாக வெளிச்சமிட்டது. அருகில் புதிய குடியிருப்பு எழுந்ததால் ஒலித்தடுப்புச் செலவு அந்த மதுக்கூடத்தின் தலையில் விழுந்தது. அதன் நிர்வாகம் ரசிகர்களிடம் கையேந்தியது. ஏறத்தாழ ஒரே நாளில் 50,000 டாலர் சேர்ந்தது. சேர்ந்த பணம் மனதை நெகிழவைக்கிறது. ஆனால் பின்னால் வந்த கட்டடத்துக்கு முன்னிருந்த கூடத்தின் ரசிகர்கள் பணம் கட்ட நேர்ந்தது என்பதுதான் அதன் பொருள்.

பல்லாண்டுகளாக இசைத்துறை கேட்டுவந்த மாற்றத்தை அதே ஆண்டு செப்டம்பரில், அப்போதைய திட்டமிடல் அமைச்சர் மேத்யூ கை மாநில நகரமைப்பு விதிகளில் சேர்த்தார். இருக்கும் இசைக்கூடத்திலிருந்து 50 மீட்டருக்குள் புதிதாக வீடு கட்டுபவர், ஒலி அளவு வீட்டுக்குள் வரம்பைத் தாண்டாதவாறு தம் செலவிலேயே கட்ட வேண்டும். கதவும் சன்னலும் மூடிய நிலையில் அறைக்குள்ளேயே அளவீடு எடுக்கலாம். மாறாக, வீடுகளுக்கு நடுவே புதிதாக இசைக்கூடம் தொடங்குபவர் அங்குள்ளோரைக் காக்கும் பொறுப்பைத் தாமே ஏற்க வேண்டும். யார் சூழலை மாற்றுகிறாரோ அவரே மாற்றத்தின் விலையைக் கொடுக்க வேண்டும் என்ற இந்நெறி இரு தரப்புக்கும் பொருந்துவதால்தான் எதிர்ப்பின்றி நிலைத்தது. இங்கிலாந்தின் தேசிய திட்டமிடல் கொள்கையிலும் 2018-இல் இந்நெறி இடம்பெற்றது. அங்கே அதற்காக வாதிட்டவர்கள் மெல்பர்னை முன்னுதாரணமாகக் காட்டினார்கள்.

இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். 2014-க்கு முன் கட்டப்பட்ட வீடுகளிலிருந்து வரும் முறையீடுகளுக்கு இவ்விதி காப்பு அளிப்பதில்லை. கூடம் இருக்கும் நிலத்தையே ஒருவர் வாங்கி இடிக்க விரும்பினால், அங்கும் இவ்விதி வாய் திறப்பதில்லை.

நிலத்தின் உரிமை

விதி நடைமுறைக்கு வந்த அதே 2014-இல் பர்க் தெருவின் பேலஸ் அரங்கு மூடப்பட்டது. 1912-இல் திறக்கப்பட்டு நாடக அரங்காகவும் இரவுக் கிளப்பாகவும் இசை அரங்காகவும் விளங்கிய அக்கட்டடத்தை வாங்கிய நிறுவனம் தங்கும் விடுதி கட்ட முனைந்தது. ஆயிரக்கணக்கானோர் எதிர்த்தார்கள், உள்ளே இருந்த அலங்கார வேலைப்பாடுகள் பிடுங்கப்பட்டன, முகப்பு மட்டும் எஞ்சியது. பாரம்பரியச் சட்டம் செங்கல்லையும் சுதையையும் மதிப்பிடத் தெரிந்தது. அங்கே நாள்தோறும் நடந்த செயலை மதிப்பிடும் வழி அதில் இல்லை. மெல்பர்ன் இயக்கத்தின் மிகப் பெரிய இழப்பாக இதையே நான் கருதுகிறேன்.

2022-இல் கார்ல்டனின் ஜான் கர்ட்டின் ஓட்டல் விற்பனைக்கு வந்தபோது வேறொரு கருவி பயன்பட்டது. தொழிற்சங்கத் தலைமையகத்துக்கு எதிரே, சங்கத் தலைவர்களும் தொழிற்கட்சியினரும் பல தலைமுறைகளாகக் கூடிய விடுதி அது. பின்னாளில் சிறந்த இசைக்கூடமாகவும் ஆனது. அதை இடிக்கும் பணியில் எந்தச் சங்கத் தொழிலாளியும் ஈடுபடமாட்டார் என்று சங்கங்கள் தடை அறிவித்தன. 1970-களில் ஆஸ்திரேலியக் கட்டடத் தொழிலாளர்கள் பழைய குடியிருப்புகளையும் பூங்காக்களையும் காக்கப் பயன்படுத்திய அதே வழிமுறை இது. விடுதி புதிய குத்தகையுடன் தொடர்ந்தது. ஆனால் எதிரே தொழிற்சங்கத் தலைமையகம் அமையும் நற்பேறு எல்லா இசைக்கூடத்துக்கும் வாய்ப்பதில்லை.

2023-இல் டோட் மீண்டும் செய்தியில் வந்தது. 2010-இல் அதைத் திறந்து நடத்திவந்த ஜான் பெரிங் உள்ளிட்டோர் கட்டடத்தையும் தொழிலையும் விற்க முடிவு செய்தார்கள். பெருந்தொற்றுக் காலத்தின் நீண்ட ஊரடங்குகள் அந்நகரின் கூடங்கள் பலவற்றைக் கடனில் தள்ளியிருந்தன. பதின்மூன்று ஆண்டுகள் உழைத்தவர்கள் விற்க விரும்பியதில் குறைகாண ஒன்றுமில்லை. வட மெல்பர்னில் லாஸ்ட் சான்ஸ் என்ற ராக் இசை மதுக்கூடத்தை நடத்தியவர்கள், தங்களால் திரட்ட முடிந்ததற்கு மேல் 30 லட்சம் டாலர் பொதுமக்கள் தந்தால் அதை வாங்கி, கட்டடத்தை ஓர் அறக்கட்டளையின் பெயரில் வைப்போம் என்று அறிவித்தார்கள். அங்கே எந்நாளும் நேரடி இசையே நடக்க வேண்டும் என்பது அறக்கட்டளையின் நிபந்தனை. குறித்த தொகை சேர்ந்தது, டோட் கைமாறியது. அதே ஆண்டு இங்கிலாந்தில், மியூசிக் வெனியூ டிரஸ்ட் அமைப்பின் முயற்சியால் சமூகப் பங்குகள் விற்று, ஆதர்டன் ஊரிலுள்ள ஸ்னக் என்ற சிறு கூடத்தின் கட்டடம் வாங்கப்பட்டது. இரு நாடுகளிலும் இசைத்துறையினர் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: நிலம் சந்தையில் இருக்கும்வரை கூடத்துக்குக் காப்பு இல்லை.

ஆனால் 30 லட்சம் டாலரை ஒரு நகரம் எத்தனை முறை திரட்டும்? டோட் என்ற பெயருக்கு நாற்பதாண்டு அன்பு இருந்தது. பத்தாண்டு மட்டுமே ஆன, பெயர் பரவாத, ஆனால் அடுத்த தலைமுறைக் குழுக்கள் இன்று வாசித்துக்கொண்டிருக்கும் புறநகர்க் கூடத்துக்கு அந்தப் பணம் சேராது. உரிமத்திலும் ஒலியிலும் செய்ததைப் போலவே இங்கும் விதியின் வாசகத்தில்தான் வேலை பாக்கியிருக்கிறது. நீண்ட காலம் நேரடி இசை நடந்த இடத்தில் கட்டட வடிவத்தைப் போலவே அந்தப் பயன்பாட்டையும் பாரம்பரியமாகப் பதிவுசெய்யும் வழி வேண்டும். அத்தகைய இடத்தில் மறுகட்டுமானம் நடந்தால் அதே அளவிலான இசைக்கூடம் தரைத்தளத்தில் மீண்டும் அமைய வேண்டும் என்ற கட்டாயம் வேண்டும். நெடுங்காலக் குத்தகைதாரருக்குக் கட்டடத்தை வாங்கும் முதல் உரிமை வேண்டும். அறக்கட்டளைகளுக்கு நில வரியில் சலுகை வேண்டும். 2010-இல் பாதுகாவலர் நிபந்தனையைத் தளர்த்தவைத்தவர்களும் 2014-இல் 50 மீட்டர் விதியை எழுதவைத்தவர்களும் இன்னும் மெல்பர்னில்தான் இருக்கிறார்கள். அவர்கள் அடுத்துத் திருத்த வேண்டிய வரிகள் இவை.